கேளுங்கள், சொல்கிறோம்: மலையடிவாரத்து டைனமைட் ஆலை

ஹெல்டர்பெர்க் மலையடிவாரத்தில் மூடிக் கிடக்கும் பழைய வெடிமருந்துத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க முடியுமா என்று கேப் டவுன் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சென்ற இதழில் அந்தக் கடிதத்தை மட்டும் வெளியிட்டு, பதில் அடுத்த மாதம் என்று சொல்லியிருந்தோம். அதற்குள் டர்பன், லெனேசியா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று நாலா பக்கத்திலிருந்தும் அதே விஷயமாகக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. இந்த மாதப் பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி (ரைலண்ட்ஸ், கேப் டவுன்): எங்கள் நடைக்குழுவில் பன்னிரண்டு பேர். வெடித்தால் மலை தடுக்கும் என்றுதான் அங்கே கட்டினார்கள் என்கிறார் ஒரு பெரியவர். உண்மையா? உள்ளே விடுவார்களா?

பதில்: பெரியவர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 1,137 மீட்டர் உயர ஹெல்டர்பெர்க் தள்ளி நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. இப்படிப்பட்ட ஆலைக்கு வேண்டியவை வேறு. ஊருக்குள் படாத விரிந்த நிலம் வேண்டும். கந்தகமும் சிலி நாட்டு நைட்ரேட்டும் கப்பலில் வந்து இறங்க வேண்டும், பக்கத்தில் ரயில் ஓட வேண்டும். வெட்டிக் குவிக்கக் கல் கலக்காத மண்ணும் வேண்டும். சோமர்செட் வெஸ்டுக்கும் ஸ்ட்ராண்டுக்கும் நடுவே, ஃபால்ஸ் பே கரையோரம், பார்டெவ்லெய் ஏரியைச் சுற்றி இவை ஒருசேரக் கிடைத்தன.

கட்டியது வைரக் கம்பெனியான டி பியர்ஸ். டைனமைட் இல்லாமல் கிம்பர்லிச் சுரங்கம் ஒரு நாள்கூட ஓடாது. விலையோ நோபல் கூட்டணிக் கம்பெனிகள் வைத்ததுதான். அந்தப் பிடியிலிருந்து வெளியே வர டி பியர்ஸ் தலைவர் செசில் ரோட்ஸ் எடுத்த முயற்சி இது. 1902 மார்ச்சில் அவர் இறந்துபோனார். ஆலை 1903இல் ஓடத் தொடங்கியது. இடத்தை வகுத்துக் கட்டியவர் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த வில்லியம் ரஸ்ஸல் குவினன். மகன் முறையான கென்னத் குவினனும் இங்கேதான் வேலை பார்த்தார். முதல் உலகப் போரில் பிரிட்டன் அவரை அழைத்துப்போய், ஸ்காட்லாந்து எல்லையில் இருந்த பிரம்மாண்டமான கிரெட்னா ஆலை உட்பட தன் வெடிமருந்து ஆலைகளை நிறுவும் பொறுப்பைக் கொடுத்தது. சோமர்செட் வெஸ்ட், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மோடர்ஃபொன்டெய்ன், டர்பனுக்குத் தெற்கே உம்போகின்ட்வினி என்ற மூன்று ஆலைகளும் 1924இல் ஒரே கம்பெனிக்குள் வந்தன. 1944இல் அதன் பெயர் மாறி ஏஇசிஐ ஆனது.

உள்ளே போவது பற்றி: ஏரிக்கரைப் பக்கம் பழைய கட்டடங்கள் சிலவற்றைப் புதுப்பித்து அலுவலக வளாகமாக்கியிருக்கிறார்கள். மீதி நிலத்தில் பெரும்பகுதியை மாநகராட்சி வாங்கிவிட்டது. வேலி போட்ட பகுதிக்குள் எழுத்து அனுமதி இல்லாமல் கால் வைத்தால் அது அத்துமீறல். 1959ஆம் ஆண்டின் 6ஆம் எண் சட்டம் இருக்கிறது. காவலாள் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார் என்பதெல்லாம் அனுமதி ஆகாது. நில உரிமையாளருக்கு எழுதும்போது தேதி, ஆட்களின் எண்ணிக்கை, எந்தப் பகுதி, எதற்காக என்ற நான்கையும் குறிப்பிடுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: எந்தெந்தக் கட்டட இடங்களுக்கு வெடிமருந்து எச்சம் நீக்கியதற்கான சான்று இருக்கிறது? அந்தப் பட்டியலைத் தராமல் "எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கே அந்த நிலம் தெரியாது என்று அர்த்தம். அங்கே போகாதீர்கள்.

கேள்வி (கிரேவன்பி): வெளிச் சாலையிலிருந்து பார்த்தால் கட்டடத்தைவிட மண்மேடுகள்தான் கண்ணில் படுகின்றன. வட்டமாகவும் குதிரை லாடம் போலவும் இருக்கின்றன. நடுவே ஒன்றுமே இல்லை. எதற்கு?

பதில்: அந்த ஒன்றுமில்லாத இடம்தான் ஆலை. நடுவில் ஒரு மரக்கொட்டகை இருந்திருக்கும். ஆலையை மூடும்போது இப்படிப்பட்ட கொட்டகைகளைப் பிரித்து எடுப்பது வழக்கமில்லை. பலகை இடுக்கிலும் தரையிலும் மருந்து ஊறியிருக்கும், ஆணியைப் பிடுங்கினாலே ஆபத்து. அதனால் தூரத்திலிருந்து தீ வைத்து நின்ற இடத்திலேயே எரித்துவிடுவார்கள். எரிந்தது போக மேடு மிஞ்சும்.

மேடு வெடியை அடக்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். வெடித்தால் காற்றின் அதிர்ச்சி அலை மேட்டின் தலைக்கு மேலே ஏறிப் போய்விடும். பக்கவாட்டில் பறக்கும் பலகையையும் கல்லையும் இரும்புத் துண்டையும் மேடு வாங்கிக்கொள்ளும். அடுத்த கொட்டகையில் அவை பாய்ந்து அதையும் வெடிக்க வைக்காமல் தடுக்கும். அதனால்தான் மேட்டில் கல் இருக்கக் கூடாது. கல் இருந்தால் மேடே தோட்டாவாகிவிடும். கூரை விளிம்பைவிட உயரமாக மேட்டை எழுப்புவார்கள். தளர்ந்த மண் ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவு விட்டால் நிற்கும். ஆக 6 மீட்டர் மேட்டுக்கு இரு புறமும் ஒன்பது ஒன்பது மீட்டர், தலையில் 1 மீட்டர், அடியில் மொத்தம் 19 மீட்டர் அகலம். ஒரு சின்னக் கொட்டகையைக் காக்க இத்தனை மண்! உள்ளே போகும் வழியும் நேராக இருக்காது, வளைத்து விட்டிருப்பார்கள். வாசலுக்கு நேராக இன்னொரு வாசல் வந்துவிடக் கூடாது என்பதற்காக.

மேட்டிலிருந்து மேட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதைக் கட்டாயம் பாருங்கள். வெடியின் தாக்கம் எட்டும் தூரம் மருந்தின் எடைக்கு நேர்விகிதத்தில் கூடாது, அதன் கனமூலத்தைப் பொறுத்துத்தான் கூடும். 1 டன் இருக்கும் இடத்துக்கு ஓர் இடைவெளி என்றால், 8 டன் இருக்கும் இடத்துக்கு எட்டு மடங்கு வேண்டாம், இரண்டு மடங்கு போதும். 27 டன்னுக்கு மூன்று மடங்கு. அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே பெரிய கிட்டங்கியில் போட்டு நிலத்தை மிச்சப்படுத்தலாமே என்று தோன்றும். சேமித்து வைக்கும் கிட்டங்கிக்கு அது ஓரளவு சரி. ஆட்கள் நிற்கும் கொட்டகையில் ஒரு தவறு நடந்தால் நான்கு பேரோடு போக வேண்டுமா, நாற்பது பேரோடா என்பதுதான் கணக்கு. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் அறைகளைச் சிறுசிறிதாகத் தள்ளித் தள்ளிக் கட்டுவதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி (கேட்ஸ்வில்): அனுமதி கிடைத்து உள்ளே போனால் எது என்ன கட்டடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர்ப்பலகை எதுவும் இருக்காதே.

பதில்: சரிவைப் பிடியுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும். டைனமைட்டுக்கு வெடிக்கும் சக்தி தருவது நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெய் போன்ற திரவம். அதைப் பம்பு வைத்து ஏற்ற மாட்டார்கள், குழாயில் அடைத்துத் தள்ளவும் மாட்டார்கள். திறந்த வாய்க்காலில் தன் எடையில் தானே மெல்ல இறங்கி ஓடும்படி விடுவார்கள். ஆகவே அதை உண்டாக்கும் கொட்டகை எல்லாவற்றிலும் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே கழுவும் கொட்டகை. அதற்கும் கீழே களிமண் போன்ற கீசல்கர் பொடியோடோ பருத்தியோடோ கலக்கும் இடம். இயற்கைச் சரிவு இல்லாத நிலத்தில் மேடு போட்டுச் சரிவை உண்டாக்கியிருப்பார்கள். மேட்டுக்கு மேட்டை இணைத்து, காலடி அகலத்தில் மென்சரிவாக இறங்கும் ஒரு கரை தெரிந்தால் அது அந்த வாய்க்கால் போன வழி. வாய்க்காலுக்கு ஈயத் தகடு போர்த்தியிருப்பார்கள். தகடு இருக்காது, பழைய இரும்புக்காரர்கள் எப்போதோ உரித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் அந்த வழியில் நடக்காதீர்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

உச்சிக் கொட்டகையின் தரையில் பெரிய தொட்டிக் குழி ஒன்று இருக்க வேண்டும், அல்லது சற்றுக் கீழே. மூழ்கடிக்கும் தொட்டி என்று பெயர். கிளிசரின் அமிலத்தோடு சேரும்போது சூடேறும். ஒரு ஆள் வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பான். எல்லை தாண்டி ஏறினால் அடிக்குழாயைத் திறந்து மொத்தத்தையும் தண்ணீருக்குள் விட்டுவிட்டு ஓடுவான். அவன் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக நோபல் ஆலைகளில் ஒற்றைக்கால் முக்காலி கொடுத்தார்கள் (முக்காலி என்று சொல்வதே தப்புத்தான்). கண் செருகினால் ஆளே சாய்ந்து விழுவான்.

ஆபத்துப் பகுதி எது, சாதாரணப் பகுதி எது என்பதைத் தீர்மானிக்க ஒரு நல்ல வழி ஆணி ஓட்டை. எரியாமல் தப்பிய கதவு நிலையோ பலகையோ கிடந்தால் குனிந்து பாருங்கள், தொட வேண்டாம். ஓட்டையைச் சுற்றி மரம் செங்கருப்பாகத் துருக் கறை பிடித்திருந்தால் அது இரும்பு ஆணி, அதாவது அலுவலகம், பண்டகசாலை, பட்டறை மாதிரி ஏதோ ஒன்று. பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் செம்பு அல்லது பித்தளை ஆணி. அப்படியென்றால் நீங்கள் பொறி பறக்கவே கூடாத ஓர் இடத்தின் வாசலில் நிற்கிறீர்கள். ஓரடி பின்னால் வாருங்கள். கீலும் பித்தளை, சுத்தியும் பித்தளை, வாளி மரம். ஜன்னல் கண்ணாடியில் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். கண்ணாடியில் உள்ள குமிழ் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலை ஒரே புள்ளியில் குவித்துவிடும் என்ற பயம்.

வாசலில் குறுக்கே ஒரு தாழ்ந்த திண்டு இருந்த தடம் தெரியலாம். கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல இங்கே வெளிச் செருப்பை விட்டு, திண்டில் உட்கார்ந்தபடியே காலைத் திருப்பி உள்செருப்பை மாட்டிக்கொள்வார்கள். தரையில் ஒரு மணல் பருக்கை உரசினாலும் போதும் என்பதால் அவ்வளவு கண்டிப்பு. ஜேபி வைத்த உடுப்பு கிடையாது. தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டிலேயே தடவிப் பார்ப்பார்கள்.

அமிலப் பகுதி எளிதில் பிடிபடும். அதற்கு மேடு இருக்காது. கனமான செங்கல் கோபுரத்தின் அடித்தளம், தடித்த தொட்டிகள், புல் முளைக்காத ஊதா கலந்த செம்மண் குவியல். அது மண்ணே இல்லை; பைரைட் என்ற கந்தகமும் இரும்பும் சேர்ந்த தாதுக்கல்லை எரித்துக் கந்தக அமிலம் எடுத்த ஆலை எதிலும் விழும் சாம்பல் அது. ஆர்சனிக் இருக்கும். அதன் மேல் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரிக்காதீர்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): என் பேரன் பழைய கல்குவாரிப் பக்கம் விளையாடப் போனவன் ஒரு செம்புக் குழாயைக் கொண்டுவந்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறான். பென்சில் பருமன், சுண்டுவிரல் நீளம். ஒரு முனை அடைத்து, மறுமுனை திறந்திருக்கிறது. ஆலை இடிபாடுகளிலும் இப்படிக் கிடக்குமா?

பதில்: இந்த வாசகருக்குக் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே.

அளவைப் பார்த்தால் அது டெட்டனேட்டராக இருக்கலாம். இருக்கலாம் என்பதே போதும், இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இழுப்பறையை மறுபடி திறக்காதீர்கள். மூடியிருந்தால் மூடியபடி, திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள். தண்ணீரில் போடுவது, தோட்டத்தில் புதைப்பது, குப்பைத் தொட்டியில் எறிவது எதுவும் வேண்டாம். காரில் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது எல்லாவற்றிலும் மோசம். வீட்டில் உள்ள அத்தனை பேரும் வெளியேறி, தள்ளிப் போய், அங்கிருந்து 10111 அழையுங்கள், கைப்பேசியில் 112. என்ன நிறம், என்ன நீளம், எந்த அறை, எப்போது எங்கே எடுத்தது என்று சொல்லுங்கள். போலீசின் வெடிபொருள் பிரிவினர் வந்து எடுப்பார்கள்.

பழசாகிச் செத்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. உள்ளே இருக்கும் மருந்து மிகக் கொஞ்சம்தான், ஆனால் தட்டினாலோ உரசினாலோ சூடுபட்டாலோ வெடிக்கவென்றே செய்தது. ஜெலட்டின் எனும் வெடிமருந்துக் குச்சியைத் தூண்டி வெடிக்க வைப்பதே இதன் வேலை. சில வகை மருந்து ஈரம் பட்டுச் செம்போடு சேர்ந்தால் முன்னைவிடத் தொட்டாற்சிணுங்கியான படிகமாக மாறும். பச்சை பூத்த குழாய்க்கு அதனால்தான் கூடுதல் மரியாதை. கைவிரல்களையும் கண்ணையும் எடுத்துவிட அந்தக் கொஞ்சம் தாராளம்.

பேரனைத் திட்ட வேண்டாம். எங்கே எடுத்தான், இன்னும் இருந்ததா, கூட யார் இருந்தார்கள் என்று அவன் வாயால் வர வேண்டும். அடி விழும் என்று தெரிந்தால் பிள்ளை இடத்தை மாற்றிச் சொல்லிவிடுவான், மிச்சம் அங்கேயே கிடக்கும்.

இடிபாடுகளில் இப்படிக் கிடக்குமா என்றால், சான்று பெற்ற பகுதியில் கிடக்கக் கூடாது. ஆனால் கண்ணில் பட்டால்: நில்லுங்கள், கையைக் கொண்டுபோகாதீர்கள், அடையாளத்துக்குக் கல்லை எறிவதோ கம்பை ஊன்றுவதோ வேண்டாம். வந்த காலடியிலேயே திரும்பி, ஒரு மண்மேட்டுக்கு மறுபுறமாக 100 மீட்டருக்குக் குறையாமல் போன பிறகுதான் கைப்பேசியைத் தொடுங்கள்.

நைட்ரோகிளிசரின் விஷயம் வேறு மாதிரி. திறந்த மண்ணில் அது காலப்போக்கில் சிதைந்துவிடும். வாய்க்காலின் முட்டுச்சந்து, குழாயின் தொய்வு, வண்டல் தேங்கிய குழி, தரை வெடிப்பு போன்ற காற்றும் நீரும் புகாத இடத்தில் எண்ணெய் மாதிரி தங்கும். வாய்க்கால் வழியில் நடக்கக் கூடாது என்றது அதற்காக. பழைய மரத்தில் பிசுபிசுப்பான கறை கண்டால் எதனாலும் கிளறாதீர்கள்.

கேள்வி (லெனேசியா): ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் டைனமைட் ரயில் வெடித்து ஊரே குலுங்கியது என்று எங்கள் பாட்டி அவருடைய பாட்டி சொன்னதாகச் சொல்வார். அது இந்த ஆலைச் சரக்கா?

பதில்: காலமே பொருந்தாது. பிராம்ஃபொன்டெய்ன் ரயில்வே யார்டில் அது நடந்தது 1896 பிப்ரவரி 19. சோமர்செட் வெஸ்ட் ஆலை ஓடத் தொடங்கியதற்கு ஏழு வருஷம் முன்பு. எட்டுப் பெட்டிகளில் 55 டன்னுக்கு மேல் டைனமைட், மூன்று நாளுக்கும் மேலாகக் கோடை வெயிலில் நின்றது. வெயிலில் டைனமைட் வியர்க்கும், அதாவது உள்ளே உறிஞ்சி வைத்த நைட்ரோகிளிசரின் துளித்துளியாக வெளியே கசியும். அந்த நிலையில் ஒரு ஷன்டிங் எஞ்சின் வந்து மோதியது. எழுபது பேருக்கு மேல் செத்தார்கள். சுமார் 60 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 8 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம். சுற்றியிருந்த ஏழைகளின் தகரக் குடிசைகள் நொறுங்கின. உங்கள் பாட்டியின் பாட்டி சொன்னதில் மிகை இல்லை.

மோடர்ஃபொன்டெய்ன் ஆலையை டிரான்ஸ்வால் ஜனாதிபதி குரூகர் திறந்துவைத்ததும் அதே 1896தான். டிரான்ஸ்வாலில் டைனமைட்டுக்குத் தனியுரிமை கொடுத்து, சுரங்க முதலாளிகளின் வயிற்றெரிச்சலைச் சம்பாதித்த கதையின் ஒரு பகுதி அது. அந்தத் தனியுரிமை முதலில் 1887இல் எட்வர்ட் லிப்பர்ட் கைக்குப் போனது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையில் இருப்பதும் இதே நைட்ரோகிளிசரின்தானா? பயமாக இருக்கிறது.

பதில்: அதேதான், பயம் வேண்டாம். மாத்திரையில் இருப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, வேறு பொருளோடு கலந்தது. அது வெடிக்காது. இரத்தக் குழாயை விரிப்பதுதான் அதன் வேலை. ஆலைத் தொழிலாளர்களுக்குத் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அதே உள்ளே போய்த் தலை பிளக்கும் வலி வரும். சில நாளில் உடம்பு பழகிவிடும். சனி ஞாயிறு வீட்டில் இருந்தால் பழக்கம் விட்டுப்போய் திங்கட்கிழமை மறுபடி மண்டையிடி. அதைத் தவிர்க்கத் தொப்பிப் பட்டைக்குள் கொஞ்சம் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு.

கேள்வி (ரைலண்ட்ஸ் நடைக்குழுவிலிருந்தே மறுபடி): எந்த மாதம் போவது? என்ன எடுத்துப் போவது?

பதில்: ஜூன், ஜூலை வேண்டாம். கேப்பில் அது மழைக்காலம், குழிகளில் தண்ணீர் நின்று ஆழம் தெரியாது. டிசம்பர், ஜனவரியில் தென்கிழக்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், காட்டுத்தீ பயமும் உண்டு. ஏப்ரலும் மே முதல் பாதியும் நல்லது. செப்டம்பர், அக்டோபரும் நன்றாக இருக்கும், ஆனால் வெயில் காயப் பாம்புகள் மேட்டுச் சரிவுக்கு வந்திருக்கும். பஃப் ஆடர் என்ற தடித்த விரியன் ஆள் வந்தாலும் பெரும்பாலும் நகராது, மிதித்தாலோ மிக அருகே கால் வைத்தாலோ கடிக்கும். கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு.

பன்னிரண்டு பேர் ஒன்றாகத் திரியாதீர்கள். நான்கு நான்காகப் பிரியுங்கள்: ஒருவர் விழுந்தால் ஒருவர் கூட இருக்க, இருவர் உதவிக்குப் போக. முன்னே போகிறவர் கம்பால் ஊன்றிப் பார்த்து நடக்க, மற்றவர்கள் அவர் காலடியிலேயே வர வேண்டும். மூடி திருடுபோன ஆள்நுழைக் குழிகளைப் புல் மறைத்திருக்கும், இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலான விபத்து இதனால்தான், வெடியால் அல்ல. எந்தக் குழிக்குள்ளும் நிலவறைக்குள்ளும் இறங்க வேண்டாம். காற்று கெட்டிருந்தால் மூக்குக்குத் தெரியாமலே மயக்கம் வரும். மெழுகுவர்த்தியைக் காட்டிப் பார்ப்பது என்ற பழைய வித்தை இந்த இடத்தில் நினைக்கவே கூடாது.

கணுக்கால் மூடிய பூட்ஸ், முழுக்கால் சட்டை, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தனியாகக் கை கழுவ 1 லிட்டரும் சோப்பும். ஈயம் படிந்த மண் அங்கே இருக்கக்கூடும், சாப்பிடுமுன் கை கழுவுவது முக்கியமான பாதுகாப்பு. எஃப்எஃப்பி2 முகமூடி ஆளுக்கொன்று. துணி முகமூடி மண் தூசிக்கே போதாது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சிதறிய இடத்தில் முகமூடி இருக்கிறதே என்று நுழையாதீர்கள், சுற்றிப் போங்கள். 2008இல் இந்த நாடு அதைத் தடை செய்தது, ஆனால் பழைய கூரைகள் தடையைப் படித்துவிட்டு எழுந்து போய்விடவில்லை. மிதித்து நொறுக்குவதுதான் நார் பறக்க முதல் வழி. வீடு திரும்பியதும் பூட்ஸை வாசலிலேயே கழற்றி ஈரத்துணியால் துடையுங்கள், உதற வேண்டாம்.

கையுறையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. கையுறை போட்டவர் எதையாவது எடுத்துப் பார்க்காமல் இருக்க மாட்டார். மெட்டல் டிடெக்டரும் சிகரெட்டும் காரிலேயே இருக்கட்டும்.

கேள்வி (கிரேவன்பி): எதையும் தொடக்கூடாது, எடுக்கக்கூடாது என்றால் படம் பிடிப்பதைத் தவிர வேறென்ன செய்வது?

பதில்: வரைபடம் போடுங்கள். படத்தைவிட அது உதவும். போகுமுன் 3418 பிபி என்ற எண்ணுள்ள 1:50,000 அரசு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சோமர்செட் வெஸ்ட் அதில்தான் வரும். மௌபிரேயில் உள்ள அரசின் நில அளவை, வரைபட அலுவலகத்தில் 1930கள் முதலான வான்வழிப் படங்கள் இருக்கின்றன. பழைய படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒரே அளவில் அச்செடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இன்று புதராகத் தெரிவது அன்று தண்டவாளமாக இருந்திருக்கும். வளைந்து வளைந்து போகும் மெல்லிய கோடு கண்டால் அது கையால் தள்ளும் டிராலிப் பாதை.

இடத்தில் டேப் பிடிப்பது சிரமம், மேடும் புதரும் விடாது. முதலில் சாலையில் 50 மீட்டர் அளந்து, அதை நீங்கள் எத்தனை எட்டில் கடக்கிறீர்கள் என்று மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். 65 எட்டு என்றால் ஓர் எட்டு 77 சென்டிமீட்டர். மேட்டின் மேல் ஏறி எண்ணினால் கணக்கு கெடும், அடியைச் சுற்றி எண்ணுங்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் முன்பின் காட்டும். ஆலை முழுவதுக்கும் அது போதும், ஒரு கொட்டகைக்குப் போதாது. ஒவ்வொரு படத்திலும் ஒரு மீட்டர் கம்பு நிற்க வேண்டும், 20 சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை சிவப்பும் வெள்ளையுமாக அடித்தது. எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று அங்கேயே எழுதுங்கள், வீட்டுக்கு வந்தால் எல்லா மேடும் ஒரே மேடாகத் தெரியும்.

கேள்வி (சோமர்செட் வெஸ்ட்): முத்திரை பதித்த ஒரே ஒரு செங்கல். பூஜை அறைக்கு அல்ல, தோட்டத்துக்கு. எடுக்கலாமா?

பதில்: கூடாது. 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் மரபுச் சின்னச் சட்டப்படி 60 வருஷம் தாண்டிய கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ அனுமதி வேண்டும்; 100 வருஷம் தாண்டிக் கைவிட்டுக் கிடக்கும் எச்சங்கள் தொல்பொருள் கணக்கில் வரும். 1903ஐக் கழித்துப் பாருங்கள். சட்டத்தை விடுங்கள், அமிலம் குடித்த செங்கல் உங்கள் கீரைப் பாத்தியில் எதற்கு?

கேள்வி (இசிபிங்கோ): எங்கள் ஊருக்குப் பக்கத்து உம்போகின்ட்வினியில் இதுபோல் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: அங்கே ஆங்கிலேயக் கம்பெனியான கைனாக் 1909இல் ஆலையை ஓட்டத் தொடங்கியது. பின்னால் அது ரசாயன வளாகமாக மாறி இன்றும் வேலை நடக்கும் இடம். இடிபாடு என்று நினைத்து வேலி தாண்டாதீர்கள்.

கேள்வி (ரைலண்ட்ஸ்): எங்கள் குழுவில் ஒருவர் நாயில்லாமல் எங்கும் போக மாட்டார். கூட்டிப் போகலாமா?

பதில்: வேண்டாம். தொடாதே என்றால் அதற்குப் புரியாது. மோப்பம் பிடித்துத் தோண்டும், தேங்கிய தண்ணீரை நக்கும், அந்த ஊதாச் சாம்பலில் புரண்டுவிட்டு வந்து காரில் உங்கள் மடியில் ஏறும்.